கொதிநீர் வைத்த சோதனை: ஆங்கிலக் காப்பிக் கெண்டியும் மயிலாப்பூர்க் கல்சட்டியும்

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த பீங்கான் காப்பிக் கெண்டி ஒன்று மூக்கு உடையாமல், கைப்பிடியில் ஒட்டு இல்லாமல், தன் சொந்த மூடியோடு கிடைத்தால் சேகரிப்பாளர்களுக்கு அன்று திருநாள். சாக்லேட் கெண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலப் பீங்கானில் அது இன்னும் அரிது. இவற்றின் மேல் தீட்டிய பூக்களைப் பற்றியும் பொன் விளிம்பைப் பற்றியும் ஏல நிறுவனங்களின் பட்டியல்கள் விரிவாகப் பேசும். இந்தக் கெண்டிகள் அரிதாகிப் போனதற்கு ஒரு காரணம் கொதிநீர். கை தவறி விழுந்து உடைந்தவை ஒரு பக்கம் இருக்க, சூடான பானத்தை ஊற்றியதாலேயே விரிசல் கண்டு ஒதுக்கப்பட்டவை பல. அந்தச் சோதனையில் தேறி வந்தவை அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பாளரின் அலமாரிக்கும் போய்ச் சேர்ந்தன.

தேறியவற்றில் முன்வரிசையில் நிற்பவை வூஸ்டர் நகரத்துக் கெண்டிகள். அவற்றைக் காப்பாற்றியது ஒரு கல். தொட்டால் வழுக்கும், நகம் பட்டால் கீறல் விழும். நமக்கு நன்றாகத் தெரிந்த கல்தான். மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் கல்சட்டியாக அடுக்கி வைத்திருப்பது அதே இனத்தைச் சேர்ந்த மாக்கல்தான், தி. நகரிலும் அடையாறிலும் பல வீடுகளில் வத்தக்குழம்பு கொதிப்பதும் அதில்தான். ஒரே கல், இரண்டு நாடுகளில், இரண்டு வழிகளில் கொதிக்கும் உணவைத் தாங்கியிருக்கிறது. அது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் பழைய பீங்கான் சேகரிப்பதன் பொருளே மாறிவிடும்.

உருவம் சொல்லும் இயற்பியல்

தேநீர்க் கெண்டி குட்டையாகவும் பருத்தும் இருக்கும். காப்பிக் கெண்டி உயரமாக இருக்கும். இது அழகுக்காக மட்டும் ஏற்பட்ட வேறுபாடு அல்ல. தேயிலை நீரில் ஊறி விரியும். அதற்கு இடம் வேண்டும், மூக்கின் அடியில் சல்லடைத் துளைகளும் வேண்டும். காப்பித் தூளோ மெல்ல அடியில் படியும். துகளின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ் கண்ட விதி. அதனால் நுண்தூள் கலந்த காப்பி தெளிவதற்கு நேரமும் ஆழமும் தேவை. உயரமான கெண்டியில் வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்தது கோப்பைக்கு வரும். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. தூளைத் துளைத்தட்டின் மேல் நிறுத்தி, வெந்நீரை அதன் வழியே இறங்கவிட்டு டிகாஷனைப் பிரித்தது.

சாக்லேட்டின் கதை வேறு. கொக்கோ விதையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. வெந்நீரில் கரைத்து வைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும், திப்பி அடியில் தங்கும். ஊற்றும் நேரம் வரை கடைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காகச் சாக்லேட் கெண்டியின் மூடியில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே மத்து போன்ற கோலை நுழைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி நுரை எழக் கடைவார்கள். பல கெண்டிகளில் கைப்பிடி மூக்குக்கு எதிர்ப்புறம் இல்லாமல் பக்கவாட்டில் நீளும். கொதிக்கும் பானமும் உள்ளே சுழலும் கோலும் சேர்ந்தால் பீங்கானுக்கு இரட்டை ஆபத்து. ஆகவே இந்த வேலைக்கு வெள்ளியையும் செம்பையும்தான் மக்கள் அதிகம் நம்பினார்கள். பீங்கானில் செய்தவை குறைவு, பிழைத்தவை அதைவிடக் குறைவு.

களிமண் கிடைக்காத காலம்

சீனப் பீங்கான் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழாய்வில் இடைக்காலச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. கேயோலின் என்னும் வெண்களிமண்ணையும் ஒருவகைக் கல்தூளையும் சேர்த்து 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டுச் சீனர்கள் அதைச் செய்தார்கள். ஐரோப்பாவுக்கு அந்தச் சூத்திரம் நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் சாக்சனியில் போட்கர், சிர்ன்ஹவுஸ் ஆகியோரின் சோதனைகள் 1708-ஐ ஒட்டிப் பலித்தன. 1710-ல் மைசென் தொழிற்சாலை தொடங்கியது. ரகசியம் அங்கே பூட்டிக் காக்கப்பட்டது.

இங்கிலாந்தின் நிலை விசித்திரமானது. அந்த நாட்டில் பீங்கான் ஆலைகள் முளைத்தது 1740-களில். நல்ல வெண்களிமண் கார்ன்வாலில் இருப்பதை வில்லியம் குக்வொர்தி அதே பத்தாண்டில் கண்டுகொண்டாலும், அதைக்கொண்டு சீனப் பீங்கானைப் போன்ற உண்மையான வன்பீங்கான் செய்ய அவர் காப்புரிமை பெற்றது 1768-ல்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுக்கும் மேலான காலத்தில் ஆளுக்கொரு கலவையைச் சுட்டுப் பார்த்தார்கள். செல்சியில் நிக்கோலஸ் ஸ்ப்ரிமோன் கண்ணாடித் தூள் மிகுந்த கலவையை எடுத்துக்கொண்டார். கிழக்கு லண்டனின் போ ஆலையில் தாமஸ் ஃப்ரை எலும்புச் சாம்பலைச் சேர்த்தார். அதே வழியைப் பின்னால் லோவெஸ்டாஃப்ட் ஆலையும் எடுத்தது. இவை எல்லாவற்றையும் மென்பீங்கான் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளுக்குள் அவை வெவ்வேறு பொருள்கள். ஒவ்வொரு கெண்டியும் ஒரு வேதியியல் சோதனையின் விடை.

இந்தச் சோதனைகளில் பல பார்வைக்கு அழகாக வந்தன, பயன்பாட்டில் தோற்றன. வூஸ்டர் தவிர்த்த ஆங்கிலப் பீங்கான்கள் பழுப்பேறிப்போகின்றன, கொதிநீர் பட்டால் அவற்றின் மெருகுப்பூச்சு வெடிக்கிறது என்று 1763-ஆம் ஆண்டின் ஆனுவல் ரிஜிஸ்டர் இதழில் ஒருவர் எழுதினார். வாங்கி, ஊற்றி, ஏமாந்த ஒருவரின் அனுபவம் அதில் தெரிகிறது. அவர் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பதைக் கீழே பார்ப்போம்.

ரகசியக் கல்

சீனாவின் ஜிங்டெஜென் நகரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தெந்த்ரகோல், அங்கே பீங்கான் செய்யும் முறையைப் பற்றி 1712-லும் 1722-லும் நீண்ட கடிதங்கள் எழுதினார். வெண்களிமண்ணுக்குப் பதிலாகச் சோப்புப் போல வழுக்கும் ஒரு கல்லையும் அங்குள்ளோர் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதை இரண்டாம் கடிதத்தில் குறிப்பிட்டார். அந்தக் கடிதங்கள் அச்சேறி, 1730-களின் இறுதிக்குள் ஆங்கிலத்திலும் படிக்கக் கிடைத்தன.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், லிசார்ட் முனையருகே கியூ கிரேஸ் என்னும் கடலோரப் பள்ளத்தில் அத்தகைய கல் இருந்தது. பிரிஸ்டல் நகரத்தின் பெஞ்சமின் லண்ட் 1740-களின் இறுதியில் அதை வெட்டியெடுக்க உரிமம் பெற்றார். 1750-ல் அந்தப் பக்கம் பயணம் செய்த ரிச்சர்ட் போகாக், அந்தக் கல் பிரிஸ்டல் பீங்கானுக்காக டன்னுக்கு 5 பவுன் விலை போவதைக் குறித்து வைத்தார். அந்தக் காலத்தில் அது கல்லுக்குக் கொடுக்கிற விலை அல்ல, ரகசியத்துக்குக் கொடுக்கிற விலை.

1751 ஜூன் 4 அன்று வூஸ்டரில் மருத்துவர் ஜான் வால், மருந்துக்கடைக்காரர் வில்லியம் டேவிஸ் உள்ளிட்ட பங்குதாரர்கள் 15 பேர் சேர்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்டல் ஆலையின் சரக்கும் செய்முறையும் அவர்கள் கைக்கு வந்தன. ரகசியத்தை வெளியே விடாமல் இருப்பதற்காகத் தொழிலாளிகள் இருவருக்குத் தனிப் பலன் தர அந்த ஒப்பந்தத்திலேயே இடம் வைத்தார்கள். இருவரில் ஒருவர் ராபர்ட் பாட்மோர். 1755-ல் அவர் லிவர்பூல் போய் ரிச்சர்ட் சாஃபர்ஸ் என்பவருக்கு அந்தச் செய்முறையைக் கற்றுக்கொடுத்தார். விரைவில் லிவர்பூலிலும் மாக்கல் பீங்கான் வந்தது. 1770-களில் காஃப்லி ஆலையும் அதே வழியில் நடந்தது. ஓர் ஆலையின் கலவை இன்னொன்றில் ஏன் தென்படுகிறது என்ற கேள்விக்கு இப்படி ஒரு மனிதரின் இடமாற்றமே விடையாக அமைவதுண்டு.

கொதிநீர் ஏன் உடைக்கிறது?

வெப்பம் பட்டால் பொருள் விரியும். கண்ணாடி போன்ற ஒரு பொருள், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறும்போது தன் நீளத்தில் 10 லட்சத்தில் சுமார் 9 பங்கு விரிகிறது. மிகச் சிறிய அளவுதான். 70 டிகிரி ஏறினாலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.63 மில்லிமீட்டர்தான் கூடும். ஆனால் அந்தச் சிறு விரிவைக்கூட விடாமல் தடுத்தால் என்ன ஆகும்? கண்ணாடியின் விறைப்பைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 44 மெகாபாஸ்கல் தகைவு கிடைக்கும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 450 கிலோ எடை தொங்குவதற்குச் சமம்.

கெண்டிக்குள் கொதிக்கும் காப்பியை ஊற்றும்போது உட்புறம் உடனே விரிய முயல்கிறது. வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, விரிய மறுக்கிறது. உட்புறம் அமுக்கப்படுகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. பீங்கானும் கண்ணாடியும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மேலே கணக்கிட்ட 44 என்பது உச்ச வரம்பு. உண்மையில் சுவரின் தடிப்பையும் ஊற்றும் வேகத்தையும் பொறுத்துக் குறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் உள்ள கண்ணாடி உடையும் அளவும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மூக்கும் கைப்பிடியும் உடலோடு சேரும் இடத்தில் தடிப்பு திடீரென மாறுவதால் தகைவு அங்கே குவியும். பழைய கெண்டிகளில் விரிசல் பெரும்பாலும் அந்த மூட்டுகளில் தொடங்குவது இதனால்தான்.

இதே கணக்கை வைத்து ஊர்களையும் ஒப்பிடலாம். வூஸ்டரில் ஜனவரி மாதத்துச் சமையலறை 10 டிகிரி என்றால், 95 டிகிரி காப்பி அங்கே 85 டிகிரி இடைவெளியை உண்டாக்கும். 32 டிகிரி மயிலாப்பூரில் அதே காப்பிக்கு இடைவெளி 63 டிகிரிதான். ஒரே கெண்டிக்கு நம் ஊர் கால் பங்கு இரக்கம் காட்டும். குளிர் நாட்டார் காப்பி ஊற்றுவதற்கு முன் வெந்நீரால் கெண்டியைக் கழுவிச் சூடேற்றியதற்கும் இதே நியாயம். கெண்டியை 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் இடைவெளி 35 டிகிரியாகச் சுருங்குகிறது.

இனி பழுப்பேறும் குறைக்கு வருவோம். பீங்கானின் உடல் வேறு, அதன் மேல் உருக்கிப் பூசிய மெருகு வேறு. சூளையிலிருந்து ஆறும்போது இரண்டும் சுருங்குகின்றன. மெருகு உடலைவிட அதிகம் சுருங்கினால் இழுபட்டு, மயிரிழை விரிசல்களாக வலைபோல் பிளக்கும். கொதிநீரின் ஒவ்வொரு அதிர்ச்சியும் அந்த வலையை அடர்த்தியாக்கும். விரிசல் வழியே காப்பியும் தேநீரும் நுண்துளை மிகுந்த உடலுக்குள் கசிந்து கறையாகத் தங்கும். மெருகு வெடிப்பதும் பழுப்பேறுவதும் இப்படி ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. வூஸ்டரில் மெருகும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்திச் சுருங்கின. அதனால் 250 ஆண்டு கழித்தும் பல வூஸ்டர் கெண்டிகளில் மெருகு விரிசலின்றித் தெளிவாக இருக்கிறது.

மாக்கல்லும் நெருப்பும்

மாக்கல்லின் முதன்மைக் கனிமம் டால்க். மக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்த தகடுகள் அப்பளக் கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் பிணைப்பு வலுவானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பலவீனமானது. அதனால் அவை வழுக்கிக்கொண்டு விலகும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. முகப்பவுடரின் வழுவழுப்புக்கும் கல்சட்டியைக் கடைசல் பிடிக்க முடிவதற்கும் காரணம் இந்த அமைப்புதான்.

சூளையில் வைத்தால் நிலைமை தலைகீழ். சுமார் 800 டிகிரியைத் தாண்டியதும் தகடுகளுக்குள் ஹைட்ராக்சில் வடிவில் பூட்டியிருந்த நீர் வெளியேறும். தகடுகள் குலைந்து, என்ஸ்டடைட் என்னும் கடினமான மக்னீசிய சிலிக்கேட்டாகவும் சிலிக்காவாகவும் மாறும். நகத்தால் கீற முடிந்த கல், பிறகு கத்திக்கும் எளிதில் மசியாது.

இந்த மாற்றத்தை முதலில் கண்டவர்கள் ஐரோப்பியர் அல்லர். சிந்துவெளி மக்கள் நான்காயிரம் ஆண்டுக்கு முன்பே மாக்கல்லில் முத்திரைகளைச் செதுக்கி, பிறகு சுட்டு வெளுப்பாக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். மென்மையாக இருக்கும்போது நுணுக்கமாகச் செதுக்கி, செதுக்கியபின் தீயில் உறுதியாக்கும் உத்தி அது. அடையாற்றை அடுத்த தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்தில் 2007 முதல் அந்த முத்திரைகளின் எழுத்துகளை ஆராய்கிறார்கள். அந்த எழுத்துகள் நமக்கு மிஞ்சியிருப்பதற்குக் கல்லின் இந்த வேதியியலும் ஒரு காரணம்.

வூஸ்டர் ஆலை மாக்கல் தூளோடு மணலையும் ஈயம் கலந்த கண்ணாடித் தூளையும் சேர்த்துச் சுட்டது. உருகிய கண்ணாடிக்குள் நுண்ணிய மக்னீசிய சிலிக்கேட் படிகங்கள் விரவிய, அடர்த்தியான உடல் உருவானது. பகுப்பாய்வில் அதில் மக்னீசிய ஆக்சைடு பத்து சதவீதத்தை ஒட்டி இருப்பது தெரிகிறது. வெறும் கண்ணாடியில் ஒரு விரிசல் கிளம்பினால் தடையின்றி ஓடிவிடும். படிகங்கள் விரவிய உடலில் அது ஒவ்வொரு படிகத்திலும் மோதித் திரும்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஆற்றலை இழக்கும். மெல்லிய சுவரோடு கெண்டி செய்யவும் இந்த உறுதி துணைநின்றது. சுவர் மெலிந்தால் உட்புறத்துச் சூடு வெளிப்புறத்தை விரைவில் எட்டும், இழுப்பும் குறையும். இன்றும் மின்சார ஹீட்டர்களில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தாங்கும் வெள்ளை மணிகளை, மாக்கல்லிலிருந்து வரும் ஸ்டியடைட் பீங்கானில் செய்கிறார்கள்.

சுடாமலே தாங்கும் சட்டி

கல்சட்டி இதிலிருந்து மாறுபட்டது. அதை யாரும் சூளையில் வைப்பதில்லை. கல்லைக் குடைந்து, கடைந்து, அப்படியே விற்கிறார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும் வெப்பம் டால்க் மாறத் தொடங்கும் வெப்பத்துக்கு வெகு கீழே இருப்பதால் கல் தன் இயல்பு மாறாமல் இருக்கிறது. தகடுகள் பல திசைகளில் பின்னிக் கிடப்பதால் விரிசல் நேராக ஓட வழியில்லை. கொஞ்சம் நெகிழவும் இடமுண்டு. புளிக்கும் உப்புக்கும் கல் எளிதில் வினைபுரியாது, அதனால் வத்தக்குழம்பையும் ஊறுகாயையும் நம்பி வைக்கலாம்.

அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளப்பது எப்படி என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மாக்கல்லின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வெளிவரும். 3 கிலோ சட்டி 100 டிகிரியிலிருந்து 60-க்கு ஆறும்போது சுமார் 120 கிலோஜூல் தருகிறது. ஒரு லிட்டர் நீர் அதே அளவு ஆறினால் தருவது சுமார் 167 கிலோஜூல். அதாவது சட்டி தனக்குள் இருக்கும் குழம்பின் வெப்பத்தில் முக்கால் பங்குக்கு அருகே தானும் சேமித்து வைத்திருக்கிறது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தால் இது ஆகாது.

புதுச் சட்டியைப் பழக்குவது பெரியவர்கள் கைமாற்றிய அறிவு. விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிடுவார்கள். பிறகு வெதுவெதுப்பான வடிகஞ்சியை ஊற்றி வைத்து, நாளுக்கு நாள் சூட்டைக் கூட்டுவார்கள். அதன் பிறகுதான் சிறு தீயில் அடுப்பேற்றம். எண்ணெயும் கஞ்சியின் மாவுப்பசையும் நுண்துளைகளை நிரப்புகின்றன. கல்லுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகிப் பிளக்காமல் மெல்ல வெளியேற அவகாசம் கிடைக்கிறது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்று பாட்டிமார் அதட்டியதும் வெப்ப இடைவெளியைக் குறைக்கச் சொன்னதுதான். கெண்டியை வெந்நீரால் கழுவிய ஆங்கிலப் பணிப்பெண்ணும் கல்சட்டியைப் பழக்கிய மயிலாப்பூர்ப் பாட்டியும் ஒரே சமன்பாட்டைக் கையாண்டவர்கள்.

கல்லின் பிறப்பிலும் உறவு உண்டு. லிசார்ட் முனை, பண்டைய கடலடித் தரையும் அதன் கீழிருந்த புவி மூடகமும் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் மேல் தள்ளப்பட்ட பகுதி. மக்னீசியம் மிகுந்த அந்தப் பாறைகள் நீரோடு வினைபுரிந்து வழுக்குக் கல்லாயின. கல்சட்டிக்குப் பேர்போன சேலம் வட்டாரமும் மக்னீசியப் பாறைகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் மாக்னசைட் அதே வகை ஆழ்பாறைகள் உருமாறியதால் வந்தது.

சேகரிப்பாளரின் கண்

ஒரு கெண்டி எந்த ஆலையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதில் அடிமுத்திரைக்குக் கடைசி இடமே தர வேண்டும். பிறை, நங்கூரம் போன்ற குறிகளை யாரும் வரைந்துவிடலாம். 1845-ல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் செல்சி, வூஸ்டர் வடிவங்களைக் குறிகளோடு பிரதியெடுத்தது. ஆனால் அது பயன்படுத்தியது வன்பீங்கான். சாம்பல் சாயையும் குளிர்ந்த பளபளப்பும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நம்பத்தக்க முதல் சோதனைக்குக் கைபேசியின் டார்ச் வெளிச்சம் போதும். இருட்டறையில் பீங்கானின் ஊடே ஒளியைப் பாய்ச்சினால் வூஸ்டர் பெரும்பாலும் மெல்லிய பச்சைச் சாயை காட்டும், காஃப்லி மஞ்சள் அல்லது ஆரஞ்சு பக்கம் சாயும். கலவையில் மிகச் சிறிதளவு உள்ள இரும்பு, சூளையின் காற்றுச் சூழலைப் பொறுத்துப் பச்சை தரும் நிலையிலோ மஞ்சள் தரும் நிலையிலோ தங்குவது இதற்கு ஒரு காரணம். செல்சியின் சில காலகட்டப் பொருள்களில் நிலாத் துண்டுகள் போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை உடலுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள். அடுத்தது தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது நாம் செய்வதுதான். விரிசல் இருந்தால் ஓசை மணி போல நீளாது, அடங்கிப்போகும். புறஊதா விளக்கின் கீழ், பின்னாளில் பூசி மறைத்த ஒட்டுவேலை வேறு நிறத்தில் ஒளிரும்.

ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சி, தனிமங்கள் திருப்பி வெளியிடும் கதிர்களை அளக்கலாம். ஈயம் எளிதில் தெரியும். மக்னீசியத்தின் கதிரோ மிக வலுக்குறைந்தது, காற்றே அதை விழுங்கிவிடும். வெற்றிடத்திலோ ஹீலியம் சூழலிலோ அளந்தால்தான் பிடிபடும். எலும்புச் சாம்பலைக் காட்டிக்கொடுக்கும் பாஸ்பரசுக்கும் ஏறக்குறைய இதே சிரமம். கையடக்கக் கருவி ஒன்றைக் காட்டி உடனே தீர்ப்புச் சொல்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி சூளைக் குப்பை. கோணியும் வெடித்தும் போனவற்றை ஆலைக்காரர்கள் அங்கேயே புதைத்தார்கள். வூஸ்டரின் பழைய ஆலை இருந்த வார்ம்ஸ்ட்ரி இல்லத்து நிலத்தை ஆய்வாளர் ஹென்றி சாண்டன் 1960-களிலும் 1970-களிலும் தோண்டி, எது வூஸ்டர் எது அல்ல என்பதற்கு ஓட்டுத் துண்டுகளாலேயே ஆதாரம் தந்தார். 1990-ஐ ஒட்டி லண்டனின் லைம்ஹவுஸில் நடந்த அகழாய்வு இன்னும் பெரிய திருத்தம் செய்தது. அதுவரை லிவர்பூல் சரக்கு என்று நம்பிய ஒரு வகை முழுவதும், 1740-களில் சில ஆண்டுகளே இயங்கிய லைம்ஹவுஸ் ஆலையுடையது என்று தெரியவந்தது. சேகரிப்பாளர்களின் பட்டியல்கள் மாறின, நூல்கள் திருத்தப்பட்டன. உடைந்த ஓடு உடையாத கெண்டிக்குப் பிறந்த ஊரைச் சொல்லிக் கொடுத்தது.

சென்னையிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலப் பீங்கான்களுக்கு ஒரு காட்சிக்கூடம் உண்டு. ஆற்காடு நவாப் குடும்பத்தோடும் வூஸ்டருக்குத் தொடர்பு இருந்தது. கர்நாடக நவாப் என்றும் அழைக்கப்பட்ட ஆற்காடு நவாபுக்காக அந்நகரின் சேம்பர்லேன் ஆலை 1820-ஐ ஒட்டி ஒரு விருந்துத் தொகுதியைச் செய்து அனுப்பியது. ஐரோப்பியப் பீங்கானைப் பெருந்தொகுப்பாகக் காண ஓர் இரவு ரயிலில் ஹைதராபாத் போய் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பீங்கானும் எனாமல் பாத்திரங்களும் இன்றும் வரிசைகட்டியிருக்கும். எங்கே வாங்கினாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மென்பீங்கானின் மெருகில் ஈயம் உண்டு. புளிப்பும் சூடும் பட்டால் அது பானத்தில் கசியும். பழைய கெண்டியைப் பார்த்து மகிழலாம், காப்பி குடிக்க டவரா டம்ளரே தகும்.

வூஸ்டர் கெண்டி இன்று இவ்வளவு பேசப்படுவதற்கு அதன் அழகும் வயதும் மட்டும் காரணமல்ல. கல் எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது, டன் என்ன விலை, யார் ரகசியத்தைக் கொண்டுபோனார், எந்தச் சூளையில் எது கோணியது என்ற விவரங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பதிவுகளே ஒரு பாத்திரத்தை அறிவின் பகுதியாக்கின. அதே கல்லைச் சூளையில்லாமல், ஈயமில்லாமல், மெருகில்லாமல் அன்றாட அடுப்பில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய நம் கல்சட்டிக்கு இந்த அக்கறையில் பாதியாவது கிடைக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வீட்டில் பழைய கல்சட்டி இருந்தால் அது எந்த ஊரில் வாங்கியது, எந்தத் தலைமுறை, எப்படிப் பழக்கினார்கள் என்று நினைவுள்ளவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். புதிதாக வாங்கினால் கல் எந்தக் குவாரி, கடைந்தவர் எந்த ஊர் என்று கடையில் விசாரியுங்கள். உடைந்த சட்டியின் துண்டைத் தூக்கி எறியாமல் ஊர் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். கனிமங்களைப் பிரித்துக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அதில் ஒரு சிட்டிகைத் தூள் போதும். வெவ்வேறு ஊர்க் கற்களின் கனிமச் சேர்க்கையை ஒப்பிட்டால் எந்தக் கல் ஏன் அதிகம் தாங்குகிறது என்று சொல்ல முடியும். பல வீடுகளின் குறிப்புகளும் துண்டுகளும் ஓர் அருங்காட்சியகத்திலோ கல்லூரியிலோ ஒன்றுசேர்ந்தால், தமிழ்நாட்டின் மாக்கல் தொழிலுக்கு ஒரு முழு வரலாற்றை எழுதிவிடலாம். லைம்ஹவுஸின் பெயரை மீட்டுக் கொடுத்தவையும் இத்தகைய உடைந்த துண்டுகள்தாம்.